பதினாலு குடுக்கிற வண்டி

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். புது பிக்கப் வண்டிக்கு டேங்க் நிறைய டீசல் போடுவது. ஸ்ரீவைகுண்டம் போய்த் திரும்புவது. மறுபடியும் நிறையப் போட்டு, எத்தனை லிட்டர் குடித்திருக்கிறது என்று பார்ப்பது.

அஞ்சாம் வகுப்புப் பிள்ளை செய்கிற வேலை. நான் செய்தபோது போலீஸ் வந்தது.

வண்டி எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பேக்கரியிலிருந்து மக்ரூன் எடுத்து நாசரேத், சாத்தான்குளம், மணப்பாடு பக்கத்துக் கடைகளுக்குப் போடுவது என் தொழில். மக்ரூன் எடையே இல்லாத பண்டம். ஊதினால் பறக்கும். வண்டி நிறைய ஏற்றினாலும் ஸ்டீயரிங் பிடிக்கிற ஆள்தான் அதில் கனமான சரக்கு.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. பழைய லோடு ஆட்டோவைத் தள்ளிவிட்டு, அறுபத்திரண்டு வயதில் புது பிக்கப் வாங்கினேன். ஷோரூமில் லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுக்கும் என்றார்கள்.

ஒன்பதரை கொடுத்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் ஜெயந்தியிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"அப்பா, நீங்க மக்ரூன் விக்கீங்களா, டீசலுக்கு மக்ரூன் வாங்கிக் குடுக்கீங்களா? வண்டிய வித்துட்டு இங்க வந்துருங்க. மாடில ரூம் சும்மாத்தான் கெடக்கு."

"வண்டில ஏதோ கோளாறும்மா. சரி பண்ணிட்டா பதினாலு குடுக்கும்."

"குடுத்தா ஓடுங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள பதினாலு குடுக்கலன்னா மூட்டையக் கட்டுங்க. சரியா?"

"சரி" என்றேன். கோபத்தில் சொன்ன சரி. மகள் நல்லவள்தான். அந்த மாடி ரூமும் நல்ல ரூம்தான். ஆனால் அதில் உட்கார்ந்து நான் பேப்பரை எத்தனை தடவைதான் படிப்பது?

நேரே ஷோரூமுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். நான் சத்தம் போடுகிற ஆளில்லை. அதனால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல், வாட்ச்மேன், டீ கொண்டுவந்த அம்மா எல்லோரிடமும் போட்டுவிட்டேன். "கோர்ட்டுக்குப் போவேன்" என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். பயந்துபோய், சர்வீஸ் இன்ஜினியர் ஒருவரை என்னோடு அனுப்பினார்கள். கார்த்திக் என்று பெயர். மதுரைப் பையன். கையில் ஒரு பேடு, காதில் ஒரு பேனா.

வண்டியைச் சுற்றி வந்தவர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"சார், லோடை இறக்கிட்டு வந்திருக்கலாம்ல?"

"லோடே இல்ல தம்பி."

"ஸ்பிரிங் பட்டை படுத்திருக்கே சார்."

எட்டிப் பார்த்தார். பாடி காலி. என்னைப் பார்த்தார். மறுபடி பாடியைப் பார்த்தார்.

"சரி, போவோம்" என்றார்.

போனோம். எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டியதும், "சார், நெசமாவே லோடு இல்லையா?" என்றார். ஸ்ரீவைகுண்டம் பாலத்தில் ஒரு தடவை கேட்டார். திரும்பும்போது ஒரு ஸ்பீடு பிரேக்கர். வண்டி அதைக் கப்பல் மாதிரி ஏறி, கப்பல் மாதிரி இறங்கியது.

"பாத்தீங்களா தம்பி, என்ன பதவிசா போவுது! மக்ரூன் ஒண்ணு உடையாது. மைலேஜ் ஒண்ணுதான் குறை."

கார்த்திக் பேனாவைக் காதிலிருந்து எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

பெட்ரோல் பங்கில் டேங்கை நிறைத்தோம். ஒன்பதரை. சொல்லிவைத்த மாதிரி ஒன்பதரை!

"பாத்தியா! வண்டிய மாத்திக் குடுங்க" என்றேன். மரியாதைகூடக் குறைந்துவிட்டது.

"ஒரு அஞ்சு நிமிஷம் சார். எடை போட்டுருவோம்."

எங்கள் ஊரில் எடை மேடைக்குப் பஞ்சமில்லை. உப்பு லாரிகளுக்காக ரோட்டுக்கு ரோடு இருக்கும். பக்கத்தில் இருந்ததில் ஏற்றினோம். அங்கே இருந்தவர் இசக்கி, எனக்குத் தெரிந்த ஆள். கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அண்ணாச்சி, வண்டில என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாதது முக்கால் டன் இருக்கு அண்ணாச்சி!"

ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருந்த எடையைவிட வெறும் வண்டி முக்கால் டன் கூட இருந்தது. இசக்கிக்குத் தொண்டை பெரிது. எதிரே டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த எஸ்.ஐ. காதில் அது விழுந்துவிட்டது.

மற்ற ஊரில் வெறும் வண்டி கனத்தால் சிரித்துவிட்டுப் போவார்கள். இது கடற்கரை. இலங்கைக்கு என்னென்னவோ போகிற ஊர். எஸ்.ஐ. டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். பின்னால் ஒரு ஏட்டு.

"என்ன தொழில் பெரியவரே?"

"மக்ரூன் சார்."

"முக்கால் டன் மக்ரூனா?"

"அப்படின்னா இந்த ரோடு பத்தாது சார்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவருக்கு அது நக்கலாகப் பட்டது.

ஏட்டு பாடியில் ஏறி லத்தியால் தட்டினார். தொக்... தொக்...

"சார், இது தகரச் சத்தம் இல்ல. அடில ஏதோ இருக்கு. பீடி இலையா, மஞ்சளா, கடலட்டையான்னு தெரியல."

கூட்டம் கூடிவிட்டது. கார்த்திக் எனக்கும் தனக்கும் நடுவில் நாலடி விட்டுத் தள்ளி நின்றுகொண்டார். "நான் இன்னிக்குத்தான் சார் இவரப் பாக்குறேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அப்போதுதான் எனக்குச் சந்தியாகு மேஸ்திரி ஞாபகம் வந்தது.

வண்டி வாங்கிய மூன்றாம் நாளே அதை அவரிடம் விட்டிருந்தேன். உப்புக் காற்றுக்கு ரெண்டு வருஷத்தில் பாடி துருப்பிடித்துப் போகும் என்று பார்க்கிற ஆளெல்லாம் பயமுறுத்தினார்கள். மேஸ்திரி வள்ளத்துக்கு ஃபைபர் பூசுகிறவர். அதற்கு முன்னால் தோணி வேலை பார்த்தவர். "கடல்லயே அரிக்காதது ரோட்ல அரிக்குமா அண்ணாச்சி?" என்றார். நியாயமாகப் பட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "வெறும் வண்டி குதிக்கு மேஸ்திரி, மக்ரூன் நொறுங்குது" என்றும் சொல்லி வைத்தேன்.

"குதிக்காமப் பண்ணிருவோம்" என்றார்.

ரெண்டு நாள் வேலைக்கு அஞ்சு நாள் ஆனது. என் மனைவி இருந்திருந்தால், "அஞ்சு நாளா அந்த மனுசன் என்னத்தப் பூசுதாரு? போய்ப் பாத்தா என்ன?" என்று கேட்டிருப்பாள். அவள் இல்லை. நானும் பார்க்கவில்லை.

போன் போட்டதும் மேஸ்திரி டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கினார். வந்தவர் எஸ்.ஐ.யைப் பார்க்கவில்லை. அதற்குள் யாரிடமோ கடப்பாரை வாங்கிக்கொண்டு நின்ற ஏட்டைத்தான் பார்த்தார்.

"யோவ், கடப்பாரைய எறக்கும்! அது நாலு பூச்சு ஃபைபர்!"

"அடில என்னய்யா வச்சிருக்கே?" என்றார் எஸ்.ஐ.

"கல்லு."

"என்ன கல்லு?"

"கருங்கல்லு. தோணில சரக்கு இல்லாட்டி அடில கல்லு போடுவோம்லா? இல்லன்னா காத்துல கவுந்துரும். அண்ணாச்சி வண்டி குதிக்குன்னு சொன்னாவ. அடில கல்ல அடுக்கி, சந்துல சிமெண்டு போட்டு, மேல பலகை, பலகைக்கு மேல ஃபைபரு. இப்ப குதிக்கா? கேளுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"குதிக்கல" என்றேன்.

"மேஸ்திரி, இது தோணியா? வண்டில்லா!"

"கடல்ல குதிச்சாலும் ரோட்ல குதிச்சாலும் வைத்தியம் ஒண்ணுதான் அண்ணாச்சி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

"குதிக்காமப் பண்ணிருவோம்னு சொன்னேன்லா?"

எஸ்.ஐ.க்குத் திருப்தியில்லை. கல்லுக்கு நடுவில் வேறு ஏதாவது இருந்தால்? உடைக்கச் சொன்னார். ஏட்டு கடப்பாரையைப் போட்டார். அது திரும்பி வந்தது. மேஸ்திரி முகத்தில் ஒரு பெருமை! அரை மணி நேரம் அடித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜெயந்தி போன்.

"என்னப்பா அங்க ஒரே சத்தம்?"

"மைலேஜ் பாத்துக்கிட்டிருக்கோம்மா."

"மைலேஜுக்கு எதுக்குப்பா இடிக்காங்க?"

"கம்பெனி ஆளு வந்திருக்கார்ல, எல்லாம் புது முறை" என்று சொல்லி போனை வைத்தேன்.

பலகை பிளந்தது. கல். அதற்கடுத்து இன்னொரு கல். ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தார்கள். வெறும் கல்லைத் தவிர ஒன்றுமில்லை. கூட்டத்தில் ஒருவர், "கல்லுக்குள்ள எதாவது இருக்கும்" என்றார். அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்காக ரெண்டு கல்லை உடைத்துப் பார்த்தார்கள். கல்லுக்குள் கல்தான் இருந்தது.

"எங்க தோணில கெடந்த கல்லு சார் இது. கொழும்புக்கு எத்தனை நடை போயிருக்கும்! ஒரு நாளாவது மைலேஜு கொறஞ்சுதுன்னு எவனும் வந்து நின்னதில்ல" என்றார் மேஸ்திரி.

"அது பாய்மரத்துல ஓடுச்சுய்யா!" என்று கத்தினார் எஸ்.ஐ. அன்று முழுக்க என் பக்கம் நின்று பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

முடிந்தது என்று நினைத்தேன். இசக்கி வந்தார்.

"அண்ணாச்சி, கல்ல இங்கன போட்டுட்டுப் போனா உப்பு லாரி எப்படி ஏறும்? எடுத்துருங்க."

எதில் எடுப்பது? இருந்தது ஒரே வண்டிதான். பெயர்த்த கல்லை அதே பாடியில் மறுபடி ஏற்றினோம். கார்த்திக்கும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கல் தூக்கினார். பேனா எங்கேயோ விழுந்துவிட்டது. ஏற்றி முடித்துச் சாவியைத் திருப்பும்போது ஏட்டு கை காட்டினார்.

"கல்லு ஏத்திட்டுப் போறீரே, பெர்மிட் இருக்கா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏட்டையா, காலைல இருந்து இந்தக் கல்லு வண்டியாத்தான இருந்துச்சு! இறக்கி ஏத்துனதும் சரக்கா ஆயிருமா?"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "விடும்யா ஏட்டு. இத எழுதுனா படிக்கவன் நம்ம ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவான்."

கல்லை வீட்டுக் கொல்லையில் இறக்கினேன். மறுநாள் கார்த்திக் மறுபடி வந்தார். மறுபடி ஸ்ரீவைகுண்டம், மறுபடி பங்கு. பதினாலே கால்! ஷோரூமுக்குப் போய் வாட்ச்மேன் முதல் டீ அம்மா வரை மன்னிப்புக் கேட்டேன். ஜெயந்திக்குப் போன் போட்டேன்.

"பதினாலே கால். ரசீத வாட்ஸ்அப்ல அனுப்புதேன் பாத்துக்க."

"சரிப்பா. ஓட்டுங்க" என்றாள். வருத்தமும் சந்தோஷமும் கலந்த குரல். மாடி ரூமை வாடகைக்கு விட்டுவிட்டாள்.

அடுத்த நாள் மணப்பாட்டுக்கு மக்ரூன் ஏற்றிப் போனேன். வண்டி குட்டியாடு மாதிரி துள்ளியது. கடைக்காரர் முதல் பெட்டியைத் திறந்தார். ஒரு பிடி தூளை அள்ளிக் காட்டினார்.

"அண்ணாச்சி, இத எப்படி விக்க? ஸ்பூனும் குடுத்தா விக்கணும்?"

பத்துப் பெட்டியும் அப்படித்தான். அன்று சாயங்காலம் கொல்லையில் நின்று அந்தக் கல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சந்தியாகு மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை. "சிமெண்டு எத்தன மூட்டை இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

பொங்கலுக்கு ஜெயந்தி வந்தாள். ஸ்டேஷனில் இருந்து பிக்கப்பில்தான் கூட்டி வந்தேன். வரிசையாக மூன்று ஸ்பீடு பிரேக்கர். தலை அசையவில்லை.

"அப்பா, பரவால்லியே! கார் கூட இப்படிப் போகாதுப்பா."

"பதினாலு குடுக்கிற வண்டின்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன், பெட்ரோல் பங்கைப் பார்க்காமல் தாண்டியபடி.