ஐந்து துண்டுச் சீட்டும் பெரியத்தாவின் கோபமும்

எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் கோபித்துக்கொள்ளாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. மண்டபம் பிடிப்பது, சமையல்காரருக்குச் சொல்லிவைப்பது மாதிரி அதுவும் ஒரு கல்யாண வேலை. யார் கோபிப்பார் என்பது மட்டும்தான் முன்கூட்டித் தெரியாது. திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமலில்லை. தெரிந்திருந்தும், என் தங்கை நசீமாவின் கல்யாணத்தில், கோபிக்கப்போகிறவர் கையிலேயே சாவியைக் கொடுத்துவைத்த அறிவாளி நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை. காந்திகிராமம் பக்கம் நடந்த ஒரு கட்டற்ற மென்பொருள் முகாமுக்கு இரண்டு நாள் போய்வந்தேன். (மதியச் சாப்பாடு உண்டு என்றதால்தான் போனேன்.) போகும்போது சாதாரண சலீமாக இருந்தவன், மடிக்கணினி மூடி நிறைய ஸ்டிக்கரும் மனித குலத்தைக் காப்பாற்றும் பொறுப்புமாகத் திரும்பி வந்தேன்.

பெரிய கம்பெனிகள் நம்மை வேவு பார்க்கின்றன, உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கக்கூடிய மென்பொருளைத்தான் நம்ப வேண்டும், நம் தகவல் நம் வீட்டில் இருக்க வேண்டும். இதெல்லாம் உண்மை. இன்றைக்கும் சொல்வேன். நசீமாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாளே என் போனில் கல்யாண நகை விளம்பரம் வந்து நின்றது. சொந்தக்காரர்களுக்கே தெரியாத சேதி எவனோ ஒரு கம்பெனிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே கொள்கையில் கோளாறு இல்லை. அது வந்து சேர்ந்த ஆள்தான் கோளாறு.

அம்மாவிடம்தான் முதல் பிரசங்கம்.

"நாம என்ன களவாண்டோமா? நம்மகிட்ட மறைக்கிறதுக்கு என்னலே இருக்கு?" என்றார் அம்மா, மீன் கழுவிக்கொண்டே.

"மறைக்க ஒண்ணும் இல்லைங்கிறதுக்காக வாசக்கதவக் கழட்டியா வச்சிருக்கோம்?" என்றேன். முகாமில் யாரோ சொன்ன பதில். நானே யோசித்ததுபோல் சொன்னேன்.

கடையில் கழித்துப்போட்ட ஒரு கணினியைத் தூக்கி வந்து சமையலறை அலமாரியின் மேல் வைத்து, குடும்பத்துக்கென்றே ஒரு சர்வர் அமைத்தேன். எல்லோரும் புழங்கிவந்த பச்சை நிறச் செயலியை விட்டுவிட்டு என் சர்வருக்கு வர வேண்டும் என்று ஆணையிட்டேன். வீட்டில் பிளக் பாயின்ட் பஞ்சம். அம்மா மிக்சி போட வேண்டுமென்றால் சர்வரைப் பிடுங்குவார். தேங்காய் அரைபடும் நேரமெல்லாம் எங்கள் குடும்பம் பேச்சிழந்து கிடக்கும்.

முதலில் வந்து சேர்ந்தவர் மாமு, அம்மாவின் தம்பி. கடைசியாக வந்தவர் பெரியத்தா, என் அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன். தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு எல்லோருக்கும் சலாம் சொல்கிற வழக்கத்தை அவரால் விட முடியவில்லை. என் சர்வரோ படம் அனுப்பினால் மூச்சுத்திணறி விழுந்துவிடும். "படம் போகலேன்னா அப்புறம் என்னப்பா சலாம்?" என்று ஒரு மாதம் இழுத்துவிட்டு, எனக்காகத்தான் வந்தார்.

பிறகு கல்யாண வேலை. யார் யாரை அழைக்க வேண்டும் என்ற பட்டியலை அம்மா ஒரு நோட்டில் வைத்திருந்தார். சாணார்பட்டிப் பக்கத்துத் தோல் வியாபாரிகள் முதல் சென்னையில் இருக்கும் ஒன்றுவிட்ட உறவு வரை நானூறு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே அம்மாவின் குறிப்பு ஒன்று. அவர் வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். குறிப்புகளைக் கேட்கக் கேட்க, இது வெளியே போனால் எங்களுக்கு ஊரில் பெண் கொடுக்க ஆளிருக்காது என்று தோன்றியது. அதனால் அசல் நோட்டைக் கிழித்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கூழாக்கினேன். கணினியில் இருந்த பட்டியலுக்குப் பூட்டுப் போட்டேன்.

சாதாரணப் பூட்டா? பல சொற்கள் சேர்ந்த நீளமான ஒரு கடவுச்சொல். அதை ஐந்தாக வெட்டி, ஐந்து துண்டுச் சீட்டில் எழுதி அத்தா, அம்மா, நசீமா, மாமு, பெரியத்தா ஆகியோரிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ஐந்தும் சேர்ந்தால்தான் திறக்கும். என்னிடம் பிரதி கிடையாது. என்னை அடித்துக் கேட்டாலும் சொல்ல முடியாதே என்று எனக்கு ஒரே பெருமை. (என்னை யார் அடித்துக் கேட்கப் போகிறார்கள் என்று அப்போது தோன்றவில்லை. பின்னால் அத்தாவுக்குத் தோன்றியது.)

"யார்ட்டயும் காட்டக் கூடாது. உயிர் மாதிரி" என்று ஐவரிடமும் சொன்னேன்.

இதோடு நின்றிருக்கலாம். பத்திரிகையையும் நானே கட்டற்ற மென்பொருளில் வடிவமைத்தேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழே பெரியவர்களின் பெயர்கள் வரும் அல்லவா? எங்கள் பக்கம் பத்திரிகையில் முதலில் படிப்பது அதைத்தான். மாப்பிள்ளை பெயரெல்லாம் அப்புறம். அந்த வரிசையை நான் புதுமையாகப் போட்டேன். யார் முதலில் என் சர்வருக்கு மாறினார்களோ அவர்கள் மேலே. முன்னோடிகளுக்கு மரியாதை! மாமு முதலில், பெரியத்தா கடைசியில். அத்தாவிடம் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் பார்த்து, "நல்லாருக்குலே" என்றார். அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

முதல் பத்திரிகை பெரியத்தாவுக்கு. அத்தா, அம்மா, நான் மூவரும் பழத்தட்டோடு போனோம். பெரியம்மா டீ கொடுத்தார். பெரியத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினார். மாமுவைத் தாண்டினார். மாமுவின் சகலையைத் தாண்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரொம்ப சந்தோசம். நீங்க நல்லபடியா நடத்துங்க, தம்பி" என்றார் என்னைப் பார்த்து.

என்னைப் பிறந்ததிலிருந்து "ஏலே" என்று கூப்பிட்டவர். அவர் வாயிலிருந்து "நீங்க" என்று வந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அன்றைக்குத்தான் பட்டியலைத் திறந்து மற்றவர்களை அழைக்கக் கிளம்ப வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று வாரம். நான்கு சீட்டுகள் மேசைக்கு வந்தன. ஐந்தாவது பெரியத்தாவிடம். அத்தா போன் செய்தார்.

"கடைசிப் பேரு தானே? கடைசியா வாரேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அத்தா என்னைப் பார்த்தார். "நீ போட்ட பூட்டுத்தானே? நீயே தொறந்து விடு."

"என்னால முடியாதுத்தா. யாராலயும் முடியக் கூடாதுன்னுதானே போட்டேன்."

"திண்டுக்கல்லுல எந்தக் கூறுகெட்டவனும் சாவியில்லாம பூட்டு வித்ததில்லலே!"

ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தோம். எழுபதாவது வீட்டைத் தாண்டும்போது அத்தாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தது. அத்தா வீட்டு ஆட்களை அம்மா மறக்கிறார், அம்மா வீட்டு ஆட்களை அத்தா மறக்கிறார். ஒரு வீடு விட்டுப்போனாலும் அது அடுத்த தலைமுறை வரை நிற்கும் பகை. நான்கு நாள் இப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் நசீமா வந்து என் முன்னால் நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, பட்டியல் கெடக்கட்டும். மூணு வருசம் காலேஜுக்கு என்னைய வண்டியில கொண்டாந்து விட்டது பெரியத்தா. நிக்காஹ்வுக்குச் சாட்சியா அவர்தான் உக்காரணும். அவர் வரலேன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம். எவனோ கம்பெனிக்காரன் நம்மளப் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன? நீ நம்ம பெரியத்தாவப் பாத்தியா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றே அச்சகத்துக்கு ஓடி, பெரியத்தாவின் பெயரை முதலில் போட்டு, அத்தனை பத்திரிகையையும் என் சம்பளத்தில் மறுபடி அடித்தேன். ஐந்து பேருமாக, மாமுவையும் அழைத்துக்கொண்டு, மடிக்கணினியோடு அவர் வீட்டுக்குப் போனோம்.

புதுப் பத்திரிகையை இரு கையாலும் நீட்டினேன். "தப்புத்தான் பெரியத்தா. கடைசியா வந்தீங்கன்னு கடைசியில போட்டுட்டேன்."

பெரியத்தா விரலை வைத்தார். முதல் வரியிலேயே நின்றது. எழுந்து போய், இடுப்புச் சாவியால் பீரோவைத் திறந்து, உள்ளே ஒரு பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த சீட்டை எடுத்து வந்தார்.

"யார்ட்டயும் காட்டாதேன்னியே. உங்க பெரியம்மாட்டக்கூடக் காட்டலலே."

"அட, இதுவா?" என்றார் மாமு. "நாங்கள்லாம் தொலஞ்சு போயிருமேன்னு போட்டோ எடுத்து அன்னைக்கே குரூப்புல போட்டுட்டோமே!"

"எந்த குரூப்பு?" என்றேன்.

மாமு போனை நீட்டினார். பச்சைச் செயலியில் பழைய குடும்பக் குழு ஒரு நாள்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. 'சலீமுக்குத் தெரிய வேண்டாம்' என்று அதற்குப் பெயரே மாற்றியிருந்தார்கள். அத்தா, அம்மா, நசீமா, மாமு நால்வரின் சீட்டுகளும் அதில் படமாகக் கிடந்தன. பெரிய கம்பெனிகளிடமிருந்து நான் முழுதாக மீட்டது என்னையும் பெரியத்தாவையும்தான். அந்தப் பெரியத்தாவைத்தான் கடைசியில் போட்டேன்.

ஐந்து துண்டையும் சேர்த்துத் தட்டினேன். பட்டியல் திறந்தது. முதல் வரி பெரியத்தா வீடு. எதிரே அம்மாவின் குறிப்பு. பெரியத்தாவே சத்தமாகப் படித்தார்: "முதல் பத்திரிகை. கோபக்காரர். இவர் இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது."

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். பெரியத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார். "நசீமா, இங்க வா தாயி" என்று அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

அந்த நிமிடம் கணினியை மூடியிருக்க வேண்டும். நான் கண் கலங்கி நின்றதில் மறந்துவிட்டேன். பெரியம்மா எட்டிப்பார்த்து இரண்டாவது வரியைப் படித்தார். அது அவருடைய தங்கை வீடு.

"அழைத்தால் ஏழு பேர் வந்து பன்னிரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். பத்திரிகை தபாலில் போதும்."

கல்யாணத்தில் ஒருவர் கோபித்தாக வேண்டும் என்றேன் அல்லவா? பெரியத்தா சாட்சியாக முதல் வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பெரியம்மாவின் தங்கை வீட்டாரை அம்மா நேரில் போய் மூன்று முறை அழைத்தார். (பதினான்கு பேர் வந்தார்கள்.) பெரியம்மாவோ அம்மாவோடு ஒரு வருடம் பேசவில்லை.

அதன்பின் எங்கள் குடும்பத்தில் அடிக்கிற எந்தப் பத்திரிகையிலும் என் பெயர் கடைசியில்தான் வரும். பெரியத்தாவின் உத்தரவு. என் கல்யாணத்தில் மட்டும் மாப்பிள்ளை என்பதால் மேலே போட வேண்டியதாகிவிட்டதே என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.

என் கல்யாணத்துக்குப் பட்டியல் எழுத அம்மா உட்கார்ந்தபோது, "வெறும் நோட்டே போதும்மா" என்றேன். அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

"அந்தப் பூட்டு எப்புடிப் போடுறதுன்னு சொல்லிக் குடுத்துட்டு, செத்த நேரம் அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

"என்கிட்டயுமாம்மா? மறைக்க என்ன இருக்கு?"

"உன் மாமியார் வீடும் பட்டியல்ல இருக்குலே" என்றார் அம்மா.