கண்கட்டி டாக்டர்

சொந்த வேலையின் விடையைத் தானே பார்க்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்த ஆள் பிரிக்பீல்ட்ஸில் ஒருவன்தான். மலேசியாவிலேயே ஒருவன்தான் என்பார் மேரி ஆன்டி.

ஆன்டி வீட்டுக்காரம்மா. கடைக்கு மேலே மாடி வீடு. ஒரு அறையில் நான். கிள்ளான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறேன். பக்கத்து அறையில் அவன். டாக்டர் பட்டம் வாங்கியவன், யூனிவர்சிட்டியில் ஒப்பந்த வேலை. பேர் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. கண்கட்டி டாக்டர்தான்.

வேலை புரோட்டானைப் பற்றி. இங்கே ரோட்டில் ஓடும் புரோட்டான் காரைச் சொல்லவில்லை. அணுவின் நடுவில் இருக்கும் பொடி. அதற்குள்ளும் ஆட்கள் உண்டாம். குவார்க் என்று சிலர், அவர்களை ஒட்டிப் பிடிக்கும் குளுவான் என்று சிலர். வெளிநாட்டில் பெரிய மெஷினில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். சிதறியதெல்லாம் கணக்காக இவன் லேப்டாப்புக்கு வரும். புரோட்டானின் ஓட்டத்தில் குளுவானுக்கு எவ்வளவு பங்கு என்று இவன் சொல்ல வேண்டும்.

"ரெண்டு லோரி மோதுது அண்ணே. ரோட்ல கெடக்கிறத வச்சு உள்ள என்ன லோடுன்னு சொல்லணும். அவ்ளோதான்."

"தொறந்து பாக்கலாமே."

"இந்த லோரிக்குக் கதவு இல்லண்ணே."

நான் அதோடு விட்டேன்.

மனசு ஒரு விடையை விரும்பினால் கை கணக்கை அந்தப் பக்கமே தள்ளும் என்பான். அதனால் எல்லாவற்றிலும் கண்ணைக் கட்டுவான். பந்து ஆட்டத்தை ரெக்கார்டு பண்ணி வைத்தால், பார்க்கும்வரை காதில் பஞ்சு. பத்துமலை முருகன் கோயில் படியும் பஞ்சோடுதான் ஏறினான். யாராவது ஸ்கோரைச் சொல்லிவிடுவார்களாம்.

முக்குக் கடை ரொட்டி சானாயை அவன் திட்டாத நாள் கிடையாது. நல்ல ரொட்டிதான் என்று ஆன்டி அவனோடு சண்டைக்குப் போனார். உடனே மூன்று கடை ரொட்டியை வாங்கிவரச் சொன்னான். ஆன்டியின் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு தின்றான். இதுதான் முதல் தரம் என்று ஒன்றைத் தொட்டான். முக்குக் கடை ரொட்டி. துண்டை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு நேரே முக்குக் கடைக்காரரிடம் இறங்கிப் போனான்.

"பாஸ், மன்னிச்சிருங்க."

"எதுக்கு?"

"உங்க ரொட்டியத் திட்டிக்கிட்டே இருந்தேன்."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

அன்றிலிருந்து அவனுக்கு மட்டும் குழம்பு குறைந்தது.

பிறகு குளுவான் கணக்கைத் தொடங்கினான். அதற்கும் கண்கட்டு. ஒரு ரகசிய நம்பரைக் கம்ப்யூட்டர் அவன் விடையோடு கூட்டிவிடும். அது அவனுக்குத் தெரியக்கூடாது. திரையில் வருவது மெய்யான விடை ஆகாது. எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் நம்பரைக் கழிக்கலாம். நம்பரைப் போட்டு வைத்துக்கொள்ள என்னைப் பிடித்தான்.

"ஏன் நான்?"

"நீங்கதான் பேச மாட்டீங்களே."

"அது சோறு கேக்கக்கூடப் பேசாது" என்றார் ஆன்டி.

அவன் சுவரைப் பார்த்து நின்றான். மனசில் வந்த ஒரு நம்பரை நான் ஒரு விரலால் லேப்டாப்பில் தட்டினேன்.

ஒப்பந்தம் முடிகிற காலம் வந்தது. புதிதாக ஏதாவது கிடைத்தால் நீட்டிக்கலாம் என்றார் அவன் புரொபசர். வெளிநாட்டில் இன்னொரு கூட்டம் அதே கணக்கைப் போட்டு, புது விடை கிடைத்ததாகச் சொல்லிவிட்டதாம். இவன் அதைப் படிக்கவில்லை. போனையே அணைத்துவிட்டான். சோதித்துக்கொண்டே இருந்தான். சட்டை தொளதொளத்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் என் எதிரே உட்கார்ந்தான்.

"அண்ணே, அந்த நம்பர் பெருசா, சின்னதா?"

"மறந்துபோச்சு."

முகம் வெளுத்துவிட்டது. "நெஜமாவா?"

"இல்ல."

எழுந்து போனான். திரும்பி வந்தான். "நான் கேட்டா குடுக்காதீங்கண்ணே. அழுதாலும்."

ஆன்டிக்குத் தாங்கவில்லை. "பையன் எளைச்சுப் போறான். காதுல சொல்லித் தொலை லா."

"முடியாது ஆன்டி."

"ரெண்டும் ஒரே கேஸ்" என்று உள்ளே போனார்.

கடைசியில் ஒரு காலை, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். சோதனை முடிந்ததாம். லேப்டாப்பில் புரொபசர் முகம். ஆன்டி கேசரி கிண்டியிருந்தார். நான் நம்பரைச் சொன்னேன். கழித்தான். புத்தகத்தில் இருக்கும் பழைய விடையேதான். புதிதாக ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டத்தின் விடையைப் பார்த்தான். ஒத்துவரவில்லை.

"எங்கயாவது தப்பிருக்கும். திரும்பப் பாரு" என்றார் புரொபசர்.

"பாத்துட்டுத்தான் சார் தொறந்தேன். பிடிக்கலைன்னு தப்பு தேடுனா, பிடிக்கிற வரைக்கும் தேடுவேன்."

"அப்படியே எழுது" என்றார் புரொபசர்.

அப்படியே எழுதினான். ஒப்பந்தம் நீளவில்லை.

ஆன்டி என்மேல் பாய்ந்தார். "நீ வேற நல்ல நம்பரா போட்டிருக்கலாம்ல?"

"எந்த நம்பர் போட்டாலும் கழிச்சா விடை இதேதான் ஆன்டி" என்றான் அவன்.

"அப்புறம் எதுக்குடா இவனப் பூட்டு மாதிரி வச்சிருந்த?"

"என்னைய நம்ப முடியாதே ஆன்டி."

அதைச் சொல்லிவிட்டுக் கேசரி முழுதும் தின்றான்.

இப்போது அம்பாங்கில் டியூசன் எடுக்கிறான். அறை காலியாகத்தான் கிடக்கிறது. அறை கேட்டு வருகிறவர்களிடம், "ஆள் இருக்கு, வெளிய போயிருக்கு" என்கிறார் ஆன்டி. அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நானும் தலையாட்டுகிறேன்.