புவியீர்ப்புக் குறைந்த பள்ளிக்கூடம்

ஒரு மீட்டர் நூலில் ஓர் இரும்புக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டுத் தள்ளினால் அது ஆடும். இதில் கல்வித் துறைக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. இருபது முறை ஆட எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்துக் கணக்குப் போட்டால், பூமி நம்மை எவ்வளவு இழுக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த விடை 9.8 என்று பாடநூலின் நாற்பத்தோராம் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. இதிலும் ஆட்சேபணை இல்லை. வினை எங்கே வந்ததென்றால், புதிதாக வந்த இயற்பியல் டீச்சர் பிள்ளைகளை உண்மையாகவே அளக்கச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் அளந்தார்கள். ஒருத்திக்கு 9.6 வந்தது. ஒருவனுக்கு 9.3. ஆய்வகத்தில் இருந்த நிறுத்துக் கடிகாரம் ஒன்றே ஒன்று. பொத்தானை அமுக்கினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். "பரவாயில்ல, வந்ததை எழுதுங்க. எதனால குறைஞ்சதுன்னும் எழுதுங்க" என்றார் டீச்சர். அப்படியே எழுதினார்கள். வகுப்பின் சராசரி 9.5.

ஆண்டு ஆய்வுக்கு வந்த ஆய்வு அதிகாரி செய்முறை நோட்டுகளைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மாறியது.

"ஏம்மா, மத்த எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் 9.8 வருது. பத்து வருஷமா வருது. ஒரு புள்ளி அசையல. இங்க மட்டும் ஏன் குறையுது?"

"இங்க பிள்ளைங்க அளக்கிறாங்க சார்."

"அப்ப அங்க என்ன பண்றாங்க?"

பக்கத்தில் நின்ற வேதியியல் மாஸ்டர் இருமினார். அவர் வகுப்பில் எந்தப் பிரச்சினையும் வந்ததில்லை. எந்தக் குப்பியில் எந்த உப்பு என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே தெரியும்; சோதனையெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். உயிரியல் பிரிவு இன்னும் ஒழுங்கு. அங்கே தவளையின் இதயத்தைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்து முடித்துவிட்டு, நேரம் இருந்தால் தவளையைத் தேடுவார்கள்.

எட்டாம் நாள் ஓலை வந்தது. "தங்கள் பள்ளி வளாகத்தில் புவியீர்ப்பு நிர்ணயிக்கப்பட்ட அளவைவிட 0.3 குறைவாக உள்ளமை ஆய்வின்போது கண்டறியப்பட்டுள்ளது. மேற்படி குறைபாடு எந்நாள் முதல் ஏற்பட்டது, அதற்குப் பொறுப்பானவர் யார், அதை நிவர்த்தி செய்ய எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்ற விவரங்களை மூன்று தினங்களுக்குள் சமர்ப்பிக்குமாறு பணிக்கப்படுகிறது."

தலைமையாசிரியர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

"இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. என் காலத்துல என்னைக்காவது ஈர்ப்பு குறைஞ்சிருக்கா? நீங்க வந்து ஆறு மாசம் ஆகல!"

"சார், ஈர்ப்பு குறையல. கடிகாரம் மெதுவா நிக்குது, அவ்வளவுதான்."

"அதை எழுதிக் குடுங்க."

டீச்சர் எழுதிக் கொடுத்தார். பிழை அளவீட்டில்தான், பூமியில் இல்லை என்று தெளிவாகவே எழுதினார். நான்காம் நாள் பதில் வந்தது: "பூமியில் பிழை இல்லை என்பதற்கான சான்றிதழ் இணைக்கப்படவில்லை."

விஷயம் அதோடு நின்றிருந்தால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிருக்கும். ஆனால் அந்தப் பள்ளியில் ஒரு பெண் இருந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்பதால் அவளுக்கு 'ஏன்குட்டி' என்றே பெயர். வகுப்பில் 9.6 கண்டுபிடித்தவள் அவள்தான். அந்த மாதம் தன் பள்ளி மைதானத்திலேயே நடந்த உயரம் தாண்டும் போட்டியில் நூற்றைம்பது சென்டிமீட்டர் தாண்டித் தங்கப்பதக்கம் வாங்கியிருந்தாள். இரண்டாவதாக வந்த பள்ளி மனுப் போட்டது: ஈர்ப்புக் குறைந்த மண்ணில் யார்தான் தாண்ட மாட்டார்கள்?

விளையாட்டுத் துறை விதிப்படி கணக்குப் போட்டது. நூற்றைம்பதை 9.5ஆல் பெருக்கி 9.8ஆல் வகுத்தால் நூற்று நாற்பத்தைந்து. இரண்டாவது வந்தவள் தாண்டியதோ நூற்று நாற்பத்தேழு. பதக்கம் கைமாறியது.

ஏன்குட்டி டீச்சரிடம் வந்து நின்றாள். அழவில்லை, அதுதான் டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது.

"அவளும் இதே மைதானத்துலதானே டீச்சர் தாண்டினா? அவளுக்கு ஏன் கழிக்கல?"

"அதையும் எழுதிக் கேட்டேன்மா. அவ பள்ளிக்கூடத்துல ஈர்ப்பு சரியா இருக்காம்."

இதற்குள் ஊர் விழித்துக்கொண்டது. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, "என் பொண்ணு ஒரு வருஷமா இளைச்சுக்கிட்டே போறா. சரியா சாப்பிடறதில்லன்னு அவளைப் போய்த் திட்டிட்டேனே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓர் அப்பா, காற்று பலமாக அடிக்கும் நாட்களில் சின்ன வகுப்புகளுக்கு விடுமுறை கேட்டார். பள்ளிக்கு எதிரே இருந்த உடற்பயிற்சிக் கூடக்காரர் மட்டும் கவலைப்படவில்லை. "இயற்கையிலேயே ஈர்ப்புக் குறைந்த பகுதி! எடை குறைய எங்களிடம் வாருங்கள்!" என்று பலகை வைத்தார். ஒரே வாரத்தில் கூட்டம் தாங்கவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் உடம்பு லேசாகிவிட்டதென்று சொன்னார்கள். மீதிப் பேர் தங்களுக்கு அது முன்பே தெரியும் என்றார்கள்.

கடைசியில் ஆய்வு அதிகாரி தலைமையில் மூவர் குழு நேரில் வந்தது. டீச்சருக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அளந்து பார்த்தால் புரிந்துவிடும் என்று நம்பினார்.

அதிகாரியே குண்டைத் தள்ளினார். மற்ற இருவரும் எண்ணினார்கள். பதினொன்றில் ஒருவருடைய செல்போன் அடித்தது. அடித்து ஓய்ந்தபோது, விட்டது பதினொன்றா பன்னிரண்டா என்று ஒரு கருத்து வேறுபாடு வந்து, மூத்தவர் சொன்ன பதினொன்றிலிருந்தே தொடர்ந்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் 8.9 வந்தது.

அதிகாரி தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"ஒரு ஆட்டத்தை விட்டுட்டீங்க சார். திரும்ப அளக்கலாம்" என்றார் டீச்சர்.

"திரும்ப அளந்தா இன்னும் குறைஞ்சிடாதா? நாங்க இருக்கும்போதே குறைஞ்சுதுன்னா நாளைக்கு எங்களுக்கும் ஓலை வரும்." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்கம்மா. அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. எல்லாப் பிள்ளைக்கும் 9.8 வந்தா, குறைபாடு நிவர்த்தியாயிடுச்சுன்னு எழுதிட்டுப் போயிடுவேன். வரலைன்னா 'ஈர்ப்பில் பின்தங்கிய பள்ளி'ன்னு பட்டியல்ல சேர்க்கணும். அறுபது பிள்ளைங்களோட அறிவியல் மார்க்கையும் நிறுத்தி வைக்கணும். நீங்களே சொல்லுங்க."

டீச்சர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அளப்பது சரி. ஆனால் அறுபது பிள்ளைகளின் மேல்படிப்பை ஒரு நூலில் தொங்கவிட யாருக்கு உரிமை? தேர்வுக்கு முந்தின நாள் வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னார்: "எல்லாரும் 9.8ன்னு எழுதிடுங்க."

"எனக்கு வர்றது 9.6 டீச்சர்" என்றாள் ஏன்குட்டி.

"தெரியும்மா."

"நீங்க படிக்கும்போது உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?"

டீச்சர் திரும்பினார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "9.8. நானும் குண்டைத் தொங்கவிடறதுக்கு முன்னாலயே எழுதிட்டேன்."

ஏன்குட்டி அவரைப் பார்த்துக்கொண்டே நோட்டைத் திறந்தாள். விடையிலிருந்து பின்னோக்கிப் போய் விநாடிகளைக் கண்டுபிடிக்கும் வழியை வேதியியல் மாஸ்டர் அன்று மாலையே சிறப்பு வகுப்பாக எடுத்தார். பிள்ளைகள் அவ்வளவு கவனமாக எந்தப் பாடத்தையும் கேட்டதில்லை.

தேர்வில் அறுபது பேருக்கும் 9.8 வந்தது. "தலைமையாசிரியரின் அயராத முயற்சியால் புவியீர்ப்பு சீரடைந்தது" என்று அறிக்கை போனது. அறிவியல் மனப்பான்மைக்கான கேடயம் பள்ளிக்குக் கிடைத்தது. ஈர்ப்பு சீரான தேதியிலிருந்து பதக்கத்தைத் திருப்பித் தரலாமா என்று கோப்பு ஒன்று மேலே போயிருக்கிறது. உடற்பயிற்சிக் கூடக்காரர் பலகையைத் திருப்பி, "சீரான ஈர்ப்பு! உறுதியான உடல்!" என்று எழுதினார். கூட்டம் குறையவில்லை.

கேடயம் வழங்கும் விழாவில் முழு மதிப்பெண் வாங்கிய ஏன்குட்டியை மேடையேற்றினார்கள். ஆய்வு அதிகாரி அன்பொழுக ஒலிபெருக்கியை நீட்டினார்.

"இந்த வருஷம் அறிவியல்ல என்ன கத்துக்கிட்டேம்மா? எல்லாருக்கும் சொல்லு."

பெண் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போகிறாள் என்று டீச்சர் பயந்தார். உடைத்துவிடமாட்டாளா என்றும் ஏங்கினார்.

ஏன்குட்டி நிதானமாகச் சொன்னாள்: "முதல்ல விடை என்னன்னு பெரியவங்ககிட்ட கேட்டுக்கணும். அப்புறம்தான் அளக்கணும்."

அரங்கம் அதிர்ந்தது. தலைமையாசிரியர் எழுந்து நின்று கைதட்டினார். பெற்றோர்கள் விசில் அடித்தார்கள். அவளுடைய அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம், "இப்பத்தான் பொண்ணுக்குப் பொறுப்பு வந்திருக்கு" என்றார். அதிகாரி அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டார்; அடுத்த ஆண்டு பாடநூலின் முதல் பக்கத்தில் போடப் பரிந்துரைக்கப் போகிறாராம்.

மேடையில் நின்ற பெண் சிரிக்கவில்லை. கூட்டத்தில் வரிசை வரிசையாக யாரையோ தேடினாள். கடைசியில் அவள் பார்வை டீச்சர்மேல் வந்து நின்றபோதுதான், தன் கைகளும் தட்டிக்கொண்டிருப்பது டீச்சருக்குத் தெரிந்தது.