நடுவில் ஒரு இசட்

மங்கோ டீயெல் அன்று காலை நான்காவது தடவையாகத் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடினார். அப்படி ஒருவர் செத்ததாகப் பதிவே இல்லை என்று கணினியும் நான்காவது தடவையாகச் சொன்னது.

"சாகலைன்னா நல்ல சேதிதானே? இன்னும் எங்கேயோ இருக்காரு போல," என்றாள் அவர் மனைவி மைரி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி.

"சிரிக்காதே. இன்னிக்குத் திங்கள். வியாழனுக்குள்ள கண்டுபிடிக்கலன்னா நான் படகுல கால் வைக்க மாட்டேன்."

வியாழக்கிழமை மங்கோவுக்கு அறுபத்திரண்டு பிறக்கிறது. அதைக் கொண்டாட ரோத்சே என்ற தீவு ஊருக்குப் படகில் போய்வர மைரி ஏற்பாடு செய்திருந்தாள். மங்கோவின் அப்பா அறுபத்தொன்றில் போனவர். தாத்தாவும் அறுபத்தொன்றில்தான் போனார். முப்பது வருடம் கார்லூக் ஊரில் பஸ் ஓட்டிய மங்கோவின் உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். ஆனால் மங்கோவுக்கு டாக்டர் கையெழுத்து போதவில்லை. தன் பரம்பரையில் ஒரே ஓர் ஆண்பிள்ளையாவது அறுபத்திரண்டைக் கண்ணால் கண்டிருக்கிறான் என்று பதிவேட்டில் பார்த்தால்தான் மனுஷனுக்கு மூச்சு சீராக வரும்.

இடைஞ்சல் பெயரில் இருந்தது. எழுதுவது டி-ஏ-எல்-இசட்-ஐ-இ-எல். கூப்பிடுவது டீயெல். நடுவில் இருக்கும் அந்த இசட்டை எந்தக் காலத்திலும் யாரும் வாயால் சொன்னதில்லை. அது அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று டீயெல்களுக்கே தெரியாது.

"அந்த இசட்டைத் தூக்கிட்டு ஒய் போட்டுப் பாருங்களேன்," என்றாள் மைரி.

போட்டார். கொள்ளுத்தாத்தா வந்து நின்றார். இறந்த ஆண்டு 1927. வயது அறுபத்தொன்று.

மங்கோ அந்த வரியை விரல் வைத்து இரண்டு தடவை படித்தார்.

"தற்செயல்," என்றாள் மைரி. "அவரோட அப்பாவைப் பாருங்க. அவரு தொண்ணூறு வரைக்கும் இருந்து எல்லாரையும் பாடாய்ப் படுத்தியிருப்பாரு."

அவரோ இசட்டிலும் இல்லை, ஒய்யிலும் இல்லை. மங்கோ மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மிஸஸ் லாக்கி ஒரு சட்டி பார்லி சூப்போடு உள்ளே வந்தாள். அந்த வீடு பல வருடம் பூட்டிக் கிடந்தது. போன மாதம்தான் அவள் குடி வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து சூப்பாகவே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, எழுத்துக் கூட்டிப் படிக்கிறீங்களா?" என்று திரையை எட்டிப் பார்த்தாள். "டி-ஐ-ஒய்-இ-எல்னு போடுங்க. அந்தக் காலத்து ஆளுங்க வாயில அப்படித்தான் வரும்."

1895. வயது அறுபத்தொன்று.

"அய்யோ!" என்றார் மங்கோ.

"பாவம். ஆனா கஷ்டப்படாமத்தான் போயிருப்பாரு," என்று சொல்லிவிட்டு, சட்டியை அப்புறம் வாங்கிக்கொள்வதாக மிஸஸ் லாக்கி கிளம்பிப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அவர் இரண்டு எல் போட்டுப் பார்த்தார். 1864இல் அதற்கும் முந்தைய தலைமுறைக்காரர் ஒருவர் கிடைத்தார். அறுபத்தொன்று. அன்று மாலைக்குள் மங்கோ மாடிப்படியில் பக்கவாட்டாக ஏறப் பழகியிருந்தார். தொண்டையில் சிக்கிவிடும் என்று வாழைப்பழத்தைக்கூட நறுக்கித் தின்றார். குளிக்க மறுத்துவிட்டார்.

"வியாழக்கிழமை வரைக்கும் நீங்க உசுரோட இருப்பீங்க. நாத்தம் தாங்காம நான்தான் போய்ச் சேருவேன்," என்றாள் மைரி. அப்படிச் சொன்னாலும் அன்று ராத்திரி அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

புதன் காலை அவரை நூலகத்துக்குத் துரத்தினாள். அங்கே மிஸ் பர்டி இருந்தாள். பூர்வீகம் தேடி வருகிறவர்களுக்கு உதவி செய்வது அவள் வேலை. பிரபு வம்சத்தைத் தேடி வந்து ஆட்டுத் திருடனோடு திரும்பிப் போனவர்களை நிறையப் பார்த்தவள்.

"பட்டியலை மட்டும் பாத்தா எப்படி? பதிவேட்டுப் பக்கத்தையே பாக்கணும்," என்று நான்கு பக்கங்களைத் திரையில் வரிசையாகத் திறந்தாள். "ஒவ்வொண்ணுலயும் எழுத்து மாறுது பாருங்க. ஏன் தெரியுமா? செத்தவன் எழுந்து வந்து தன் பேருக்கு எழுத்துச் சொல்ல மாட்டான். பதிவாளர்கிட்ட போய் யாரு சாவைச் சொல்றாங்களோ, அவங்க வாயில வர்றதுதான் எழுத்து."

"யாரு போய்ச் சொன்னாங்க?"

மிஸ் பர்டி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். "1864, பக்கத்து வீட்டுப் பெண், சாகும்போது உடனிருந்தவர். 1895, பக்கத்து வீட்டுப் பெண், உடனிருந்தவர். 1927... அட, இதுலயும் அதேதான். 1960, உங்க தாத்தா, அவருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்தான்."

"எங்கப்பாவுக்கும் பக்கத்து வீட்டம்மாதான் போய்ச் சொன்னாங்க. நான் அப்ப இன்வர்னெஸ் ஊருக்குப் பஸ் ஓட்டிட்டுப் போயிருந்தேன்," என்றார் மங்கோ. "அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்க பேரு என்ன போட்டிருக்கு?"

"கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு. ஒண்ணும் தெரியல."

மிஸ் பர்டி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மங்கோவுக்கோ பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"ஒரு பேரை ஒழுங்காச் சொல்லத் தெரியல! இவங்களாலதான் எங்க வம்சமே ஆளுக்கொரு எழுத்துல சிதறிக் கிடக்கு!"

"சரி, 1864ல செத்தவரோட அப்பா ஒருத்தர் பாக்கி," என்றாள் மிஸ் பர்டி. " உங்க பேரை வேகமா வாயால சொல்லுங்க. புதுசா வந்த பதிவாளர் காதுல எப்படி விழும்?"

"டீயெல். டீயெல். டீல்..."

நூலகத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் டீல் என்றால் சாத்தான்.

மிஸ் பர்டி சிரிக்காமல் தட்டினாள். வந்தே விட்டார். கோலின் சாத்தான், ஆட்டிடையர், மலைமேல் வாசம். இறந்தது 1860. வயது எண்பத்தெட்டு.

மங்கோ நாற்காலியிலிருந்து எழுந்து, மிஸ் பர்டியின் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். கண்ணில் நீர் முட்டியது.

"எண்பத்தெட்டு! சாத்தானுக்கு எண்பத்தெட்டு!"

"மெதுவா," என்றாள் அவள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இவரோட சாவை மட்டும் மகன்தான் வந்து சொல்லியிருக்கான். அந்த மலையில மூணு மைல் சுத்தளவுக்கு வேற வீடே கிடையாது. அதுக்கு மறு வருஷம்தான் மகன் கீழ இறங்கி உங்க தெருவுக்குக் குடி வந்திருக்கான்."

"அதான் விஷயம்! மலைக்காத்து, ஆட்டுப்பால்! என் உடம்புல ஓடுறது அந்த ரத்தம்!"

மிஸ் பர்டி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மங்கோ வாசலைத் தாண்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து குளித்தார். பொரித்த முட்டை மூன்று தின்றார். மாடிப்படியில் நேராகவே ஏறி, பெட்டியை இறக்கினார். மைரி ஆனந்தத்தில் அழுதுவிட்டு, படகில் போட்டுக்கொள்ள மழைக்கோட்டு வாங்கக் கடைக்கு ஓடினாள்.

அவள் தெருமுனை திரும்பியதும் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மிஸஸ் லாக்கி நின்றாள். வெளியே போகிற கோட்டும் தொப்பியும் போட்டிருந்தாள். கையில் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருந்தன.

"வாங்க, வாங்க! சட்டிக்கா வந்தீங்க?" என்றார் மங்கோ. "நாளைக்கு நாங்க ரோத்சே போறோம்!"

"நாளைக்கா?" என்று அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "மைரி எங்க?"

"கடைக்குப் போயிருக்கா. அஞ்சு மணி ஆகும்."

"பரவாயில்ல. நான் கூட இருக்கேன்." நாற்காலியை அவர் அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"பதிவாளர் கேக்கறப்பல்லாம் முழிச்சு முழிச்சு, அஞ்சு தடவையும் தப்பாவே சொல்லிட்டு வந்துட்டேன், மிஸ்டர் டீயெல். இந்தத் தடவையாவது சரியா இருக்கட்டும், உங்க பேருக்கு எழுத்து என்னன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க."