புதிய ஆட்டம் எனச் சான்றளிக்கப்படுகிறது

அரசு ஊழியரின் மனம் மகிழ்ந்தால் பொதுமக்களின் மனம் தானே மகிழும் என்னும் அரிய உண்மையைக் கண்டறிந்து, விழுப்புரம் தலைமை அலுவலகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தென்னார்க்காடு பிரிந்து, விழுப்புரம் மாவட்டத் தலைநகராகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. புது மாவட்டத்துக்குச் சுற்றறிக்கைகள் நிறையத் தேவைப்பட்டன.

திண்டிவனத்தில் இயங்கிவந்த பல்வகைச் சான்றிதழ் அலுவலகம் அதனைத் தலைமேற்கொண்டு, ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ கேமும் வாங்கியது. மனுக்கள் பெறும் சன்னலுக்கு நேர் உள்ளே அவை வைக்கப்பட்டன. வேறிடத்தில் பிளக் இல்லை. சன்னலுக்கு வெளியே நின்ற பொதுமக்கள் முதல் வாரம் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரம் எட்டிப் பார்த்தார்கள். அதன்பின் இடம்பிடிக்க முந்தினார்கள்.

கேசட்டில் ஒரே ஓர் ஆட்டம் இருந்தது. ஒரு டாங்கி செங்கற் சுவர்களை உடைத்துக்கொண்டு போகும், எதிர் டாங்கிகள் வரும், சுட வேண்டும். இதில் கண்காணிப்பாளர் ஆதிநாராயணனை வெல்வார் எவருமிலர். எந்தச் சுவருக்குப் பின்னால் எந்த டாங்கி எப்போது தலைகாட்டும் என்பது அவருக்கு மனப்பாடம். தம் மேசையில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது மட்டும் மனப்பாடமாகவில்லை. அலுவலக மனமகிழ் மன்றத்தின் சுழற்கேடயம் ஆண்டுதோறும் அவருக்கே கிடைத்ததால் அது சுழலும் வழக்கத்தையே மறந்துவிட்டது. ஓய்வு பெறும்போது கேடயம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது சொந்தம் என்பது மன்ற விதி. ஆதிநாராயணன் வரும் சித்திரையில் ஓய்வு பெறுகிறார். வீட்டுக் கூடத்தில் ஆணிகூட அடித்தாயிற்று.

இந்த நிலையில்தான் இளநிலை உதவியாளர் காயத்ரி வாய் திறந்தாள்.

"எத்தினி நாளைக்கு சார் இந்த டாங்கியையே சுட்டுக்கினு இருக்கிறது? புதுச்சேரியில கார் ஓட்ற கேம் வந்திருக்கு, மலை ஏறுற கேம் வந்திருக்கு. புதுசா ஒண்ணு வாங்கலாம் சார்."

"பழசையே நீ இன்னும் முடிக்கலியேம்மா?"

"என் முறை வந்தாத்தானே சார் முடிக்க? பணிமூப்புப்படிதான் ஆடணும்னு விதி போட்டுட்டீங்க. எனக்கு மேல இருக்கிறவங்க ஆடி முடிக்கிறதுக்குள்ள ஆபீசையே பூட்டிடறாங்க."

"அதுக்காகத்தாம்மா விதின்னு ஒண்ணு வெச்சிருக்கு."

காயத்ரி விழுப்புரத்துக்கு எழுதிப் போட்டாள். ஆதிநாராயணனின் தலைமையில் குழு அமைத்துப் புதிய ஆட்டம் வாங்குமாறு ஆணை வந்தது. அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. புது ஆட்டம் என்றால் எந்தச் சுவருக்குப் பின்னால் எது வருமென்று யாருக்குத் தெரியும்? நேற்று வந்த பெண்ணும் அவரும் ஒரே படியில் அல்லவா நிற்க நேரும்!

ஆயினும் அவர் அனுபவசாலி. வாங்கப்படும் பொருளின் தகுதிகளைத் தம் கைப்படவே வரைந்தார்: 'ஆட்டம் முற்றிலும் புதியதாக இருத்தல் வேண்டும். எனினும் அவ்வாட்டத்தில் ஊழியர்களுக்கு மூன்றாண்டு முன்னனுபவம் இருத்தல் இன்றியமையாதது.'

இத்தகைய பொருளைத் தேடிப் புதுச்சேரிக்குப் புறப்பட்ட அலுவலக உதவியாளர் அய்யப்பன், வெறுங்கையோடு திரும்புவார் என்றே எல்லாரும் எண்ணினர். அவரோ மாலை பஸ்ஸில் ஒரு கேசட்டோடு வந்து இறங்கினார். அதன்மேல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது.

"கடையிலேயே போட்டு ஆடிப் பாத்துட்டுத்தான் சார் எடுத்தாந்தேன். சூப்பரா ஓடுது."

"நீயே போட்டுப் பாரும்மா," என்று ஆதிநாராயணன் பெருந்தன்மையோடு காயத்ரியிடம் நீட்டினார். புது ஆட்டத்தில் முதலில் தோற்பவள் அவளாகவே இருக்கட்டுமே.

முதல் ஆட்டம் டாங்கி. இரண்டாவது, பச்சைச் சுவரும் டாங்கியும். மூன்றாவதில் டாங்கி சற்று விரைந்து ஓடியது. நூறாவதைத் திறந்தார்கள், டாங்கி அங்கும் தவறாமல் பணிக்கு வந்திருந்தது.

"சார், எல்லாமே அதே ஆட்டம் சார்!"

ஆதிநாராயணனின் முகத்தில் தீபாவளி. "நம்பர் வேற வேறயா இல்லியா?"

"நம்பர் வேறதான். ஆனா..."

"என்னா ஆனா? ஒரே ஆளு ரெண்டு நம்பர்ல ரெண்டு கார்டு வெச்சிருந்தா, நம்ம ஆபீசைப் பொறுத்தவரைக்கும் அது ரெண்டு ஆளு. ஆளுக்கு ஒரு நியாயம், டாங்கிக்கு ஒரு நியாயமா?"

அவர் அப்போதே அமர்ந்து, 'இது புத்தம் புதிய ஆட்டம் எனச் சான்றளிக்கப்படுகிறது' என்று எழுதி, முத்திரையைத் தேடிக் குத்தினார். அதற்குள் மற்ற ஊழியர் அனைவரும் ஆளுக்கொரு கை ஆடிவிட்டனர்.

மறுநாள் நடந்த ஆண்டு விழாவுக்கு விழுப்புரத்திலிருந்து துணை ஆணையர் தேவகுமார் வந்தார். கேடயத்தை அவர் எடுத்ததும் ஆதிநாராயணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். காயத்ரியும் எழுந்தாள்.

"சார், இது புது ஆட்டம்னு சான்று இருக்கு. பழைய ஆட்டத்துல வாங்கின பாயிண்ட்டு இதுக்குச் செல்லாது. இதுக்குப் போட்டி இன்னும் நடக்கல, எல்லாரும் பூஜ்யந்தான். அப்போ இந்த ஆட்டத்துல பணிமூப்பு யாருக்கோ அவருக்குத்தான் கேடயம். கடையிலேயே ஆடிப் பார்த்து, இதை முதல்ல தொட்டவர் அய்யப்பன்."

"நானா?" என்று அய்யப்பன் காபித் தட்டோடு திகைத்து நின்றார்.

"புது ஆட்டமா? யாரு சொன்னது?" ஆதிநாராயணன் அலறினார். "கண்ணு அவிஞ்சா போச்சு? அதே சுவரு, அதே டாங்கி! சுத்தப் பழசு சார் இது!"

"நம்பர் வேற சார்," என்றாள் காயத்ரி, மிகுந்த பணிவுடன்.

நேற்றுவரை பழசு என்று கத்தியவர்கள் புதிது என்று கத்தினார்கள். புதிது என்று முத்திரை குத்தியவர் பழசு என்று தலையில் அடித்துக்கொண்டார். துணை ஆணையர் நீதி தவறாதவர். தொலைக்காட்சியின் அருகே சென்று, சன்னலுக்கு வெளியே முதலில் நின்ற தைலம்மாளைக் கேட்டார். வாரிசுச் சான்றுக்காகக் கிளியனூரிலிருந்து நெடுநாளாக வந்துபோகும் அம்மாள் அவர்.

"நீங்கதான் தினம் பார்க்கறீங்க. சொல்லுங்கம்மா, இது பழைய ஆட்டமா, புது ஆட்டமா?"

"நம்பர் மாறிக்கீதா சாமி?"

"மாறியிருக்கு."

"அப்போ புச்சுதான். அஞ்சு வருசத்துக்கு ஒரு தபா நாங்களும் அப்டித்தான சின்னத்த மட்டும் பாத்து ஓட்டு குத்திட்டு வர்றோம்? உள்ள இருக்கறது யாருன்னா கேக்குறோம்?"

வரிசை முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது. கேடயம் காபித் தட்டின்மேல் வைக்கப்பட்டது. அந்த ஆட்டத்தை இதுவரை தொடாத ஒரே ஊழியர் என்ற முறையில் ஆதிநாராயணன், காயத்ரிக்குப் பின்னால், எல்லாருக்கும் பின்னால், கடைசி நாற்காலியில் அமர்ந்தார்.

தீர்ப்பு வழங்கிய நிறைவில் துணை ஆணையர் கனிந்துபோய் மீண்டும் சன்னலில் குனிந்தார்.

"உங்க மனு என்ன ஆச்சும்மா? சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"அது கெடக்குது சாமி," என்றார் தைலம்மாள். "நீ கொஞ்சம் நவுந்து நில்லு. டாங்கி தெரியல."