எலும்புக்கூட்டோடு நான் சாப்பிட்டதை ஊருக்கே சொன்ன அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நலம் என்று தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் இருபத்திரண்டு வருடமாக எடைக்கற்களைச் சரிபார்த்துப் பிழைக்கிறவளுக்குத் தெரிந்தே தப்பான அளவை எழுதக் கை வரவில்லை. நீயாவது நலமா? அத்தானின் முழங்கால் வலி தேவலையா? சரி, மரியாதை முடிந்தது.

உன் மகள் டிவி தொடருக்குக் கதை எழுதுகிறாள் என்று நீ சொன்னபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான். மூன்று மாதத்துக்கு முன் அவள் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்து, "சித்தி, கதாநாயகி ஒரு நெர்டு. உங்க லேப்ல மூணு நாள் ஷூட்டிங் வெச்சுக்கட்டுமா? நீங்கதான் ஆலோசகர்" என்று குழைந்தாள். மேலதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கிக் கொடுத்ததும் நான்தான். நெர்டாம்! நாம் படித்த காலத்தில் இதற்குப் படிப்ஸ் என்று பெயர், பழம் என்று பெயர், எனக்கென்றே தனியாகச் சோடாபுட்டி என்றும் ஒரு பெயர். கூப்பிடும்போதே பின் பெஞ்சிலிருந்து சாக்பீஸும் வந்து விழும். இப்போது நெர்டு என்று பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். டைரக்டர் தம்பி அப்படி ஒரு பனியனோடுதான் வந்து இறங்கினார். "நானும் பயங்கர நெர்டு, மேடம். விண்வெளிப் படம் ஒவ்வொண்ணையும் மூணு தடவை பாத்திருக்கேன்" என்றார். மூன்று தடவை படம் பார்த்தவன் அறிவாளி என்றால், தினம் மூன்று வேளை சாப்பிடுகிறவனெல்லாம் சமையல்காரனா? வாய்வரை வந்தது. விருந்தாளி ஆயிற்றே என்று விழுங்கிவிட்டேன்.

கதாநாயகி நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு இரட்டை ஜடை போட்டு, கண்ணாடி மாட்டி, கையில் ஏழு தடிப் புத்தகங்களைக் கொடுத்து, நடக்கும்போதெல்லாம் தடுக்கி விழச் சொன்னார்கள். கண்ணில் தூசி விழுந்தபோது கண்ணாடியைக் கழற்றாமல் வளையத்துக்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டாள் பார், அப்போதுதான் தெரிந்தது, வெறும் ஃப்ரேம்! பின்னால் கரும்பலகையில் செட் போடுகிறவர் கணக்கு என்ற பெயரில் என்னவோ கிறுக்கி வைத்திருந்தார், தேடிப் பார்த்தாலும் ஒரு சமக்குறி இல்லை. ஆலோசகர் ஆயிற்றே என்று அழித்துவிட்டு ஒழுங்காக ஒரு கணக்கை எழுதினேன். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயோ மேடம், இது புரியுதே!"

"புரியறதுக்குத்தானேப்பா எழுதறோம்?"

"பாக்கறவங்களுக்குப் புரியக் கூடாது மேடம். அப்பதான் அவ அறிவாளி."

அதோடு விட்டாரா? பின்னணியில் உட்கார ஓர் ஆள் குறைகிறது என்று என்னை உட்காரச் சொன்னார். கேமராவில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "மேடத்தப் பாத்தா சயின்டிஸ்ட் மாதிரியே இல்லையே." என் சொந்த மேஜை, அக்கா! என் சொந்த மேஜையிலிருந்து என்னை எழுப்பிவிட்டு, பரட்டைத் தலை விக் வைத்த ஒருவரை உட்கார வைத்தார்கள். அவர் என் பேனாவால் காது குடைந்தார்.

மூன்றாம் நாள் காதல் காட்சி. மற்ற கற்களையெல்லாம் எதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறோமோ, அந்த ஒரு கிலோ கல் எங்களிடம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை யாரும் வெறும் கையால் தொடுவதில்லை, விரல் பிசுக்குப் பட்டாலே எடை மாறிவிடும். கதாநாயகன் அதை வெளியே எடுத்து, பந்து மாதிரி மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, "என் மனசு எவ்ளோ கனம்னு உன் தராசு சொல்லுமா?" என்றான். எனக்குக் கண்ணே இருட்டிவிட்டது. "கீழ வைடா!" என்று ஆரம்பித்தவள் நான்கு நிமிடம் நிறுத்தவில்லையாம். "ஜடையப் போட்டுக்கிட்டு தடுக்கி விழுந்தா படிச்சவளாடா? இதப் பக்கத்துல நின்னு பாக்கவே எனக்கு அஞ்சு வருஷம் ஆச்சுடா!" என்றெல்லாம் கத்தியிருக்கிறேன். கேமராக்காரர் அத்தனையையும் பிடித்துவிட்டார். ஒரு வாரத்தில் அது போன் போனாகச் சுற்றியது. பஸ்ஸில் பையை மடியில் வைக்கப் போனால் பின் சீட்டுப் பிள்ளைகள் கோரஸாக, "கீழ வைடா!" என்கிறார்கள். கல் மறுசோதனைக்குப் போய் ஆறு வாரம் கூடத்தில் பாதி வேலை நின்றது. மேலதிகாரி எனக்கு மெமோ கொடுத்தார்.

இதெல்லாம்கூடப் போகட்டும். நேற்று ஒளிபரப்பான பகுதியைப் பார்த்தாயா? கதாநாயகியின் சின்ன வயசுக் கதையாம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார யாரும் இல்லாமல், அந்தப் பெண் மதிய நேரத்தில் லேபுக்குள் போய், எலும்புக்கூட்டுக்கு எதிரே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அன்று வகுப்பில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொல்கிறாள். அதற்கு நடுவில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம், கூட்டமாகச் சிரிக்கும் சத்தம். அந்த எலும்புக்கூட்டைப் பற்றி இந்த உலகத்தில் உன் ஒருத்தியிடம்தானே சொன்னேன்? அன்றைக்கு நீ சிரிக்கவில்லை. மறுநாள் உன் வகுப்பை விட்டு வந்து என்னோடு சாப்பிட்டாய். அதையும் அவளிடம் சொன்னாயோ என்னவோ, தொடரில் அக்காவே கிடையாது. உன் மகளைப் போனில் பிடித்தேன். "சித்தி, நான் சோகமாத்தான் எழுதினேன். சிரிப்ப அவங்க சேத்துட்டாங்க" என்று அழுதாள். அழட்டும். நான் முப்பது வருடத்துக்கு முன்பே அழுது முடித்துவிட்டேன்.

ஆகவே என் முடிவு இதுதான். அந்தக் காட்சியை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்கும்வரை உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், அந்தத் தொடர் ஓடுகிற திசையில் தலை வைத்துப் படுக்க மாட்டேன். சினிமாவும் டிவியும் என்னைப் போன்றவர்களைக் கேலி செய்த காலமே மேல். கேலி செய்தவர்கள் எங்கள் மேஜையையாவது எங்களுக்கு விட்டுவைத்தார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் மகளுக்கு, கோபத்தோடு, ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: இதை உன் மகளிடம் காட்டிவிடாதே. உறையை ஒட்டப் போகும்போது டைரக்டர் தம்பி போன் செய்தார். கதாநாயகிக்கு ஒரு கோபக்கார மேலதிகாரி வேண்டுமாம், என்னை விட்டால் ஆளில்லையாம், பன்னிரண்டு நாள் வேலையாம். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத்தான் வாயைத் திறந்தேன், "காலைல எத்தனை மணிக்கு வரணும்?" என்று வந்துவிட்டது. லீவு கேட்டு எழுதியும் வைத்துவிட்டேன். கேமராவில் எனக்குப் பச்சைப் புடவை எடுக்குமா, நீலம் எடுக்குமா? பதில் கடிதம் போட்டு நாளைக் கடத்தாதே, உடனே போன் பண்ணு.