டிரைவரில்தான் கோளாறு

எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வைத்தியம் மொத்தத்தையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஒருமுறை அணைத்துவிட்டுப் போடு. சரியாகவில்லையா, டிரைவர் என்கிற மென்பொருளை மாற்று. அப்படியும் சரியாகவில்லையா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடு. இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு நான் சில வருடங்கள் ஒரு வலைப்பூவே நடத்தினேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அதில் பாதி கேம் விமர்சனம், பாதி எரர் வைத்தியம். ஓசியில் கிடைக்கும் கேம்களை இறக்கி விளையாடிவிட்டு, "கிராஃபிக்ஸ் பரவாயில்லை, கதை சுமார், துப்பாக்கிச் சத்தம் பிரமாதம்" என்று தீர்ப்பு வழங்குவேன். அந்த கேமைத் திறந்தாலே ஏதோ ஒரு ஃபைலைக் காணோம் என்று திரையில் ஒரு கட்டம் வந்து நிற்கும். அதற்கு மருந்து அடுத்த பதிவில். யார் படித்தார்கள் என்று தெரியாது. ஒரே ஒருவர் மட்டும், "நீங்கள் சொன்னபடி செய்தேன், இப்போது கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை" என்று பின்னூட்டம் போட்டிருந்தார். (அதை அழித்துவிட்டேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?)

எங்கள் ஊர் அமிர்தி பக்கம், மலையடிவாரம். எனக்கு வேலூரில் ஒரு டைல்ஸ் கடையில் ஸ்டாக் பார்க்கும் வேலை. அம்மா எனக்குப் பெண் தேட ஆரம்பித்தபோது டைல்ஸ் கடை பின்னுக்குப் போய் வலைப்பூ முன்னுக்கு வந்துவிட்டது. "பையன் கம்ப்யூட்டர்ல பெரிய ஆளு. நெட்ல எழுதறான். ஊர் ஒலகமே அவன்கிட்டதான் கேட்டுத் தெரிஞ்சிக்குது" என்று அவர் சொன்னதைத் தரகர் இன்னும் கொஞ்சம் ஊதி மலைமேல் கொண்டு போய்விட்டார்.

மலைமேல், காவலூர் தாண்டி ஒரு சிற்றூரில் இருந்தது மேகலாவின் வீடு. அப்பாவுக்குப் புளி வியாபாரம். மேகலா வீட்டின் முன்னறையில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் என்று சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள். தரகர் காட்டிய போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது எனக்கு. இந்த இடம் மட்டும் அமைந்துவிட வேண்டும் என்று, வேண்டுதலில் அவ்வளவாக நம்பிக்கை இல்லாத நான் எங்கள் ஊர்ப் பிள்ளையாரிடம் தேங்காய்வரை பேசிவைத்தேன்.

தரகர் எங்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கைதான் கொடுத்தார். "பொண்ணுக்குத் தாய்மாமன் குப்புசாமி. அந்த வூட்ல அவர் தலையாட்டலன்னா ஒண்ணும் நடக்காது. அவரு மனசு கோணாம பாத்துக்கோங்க, போதும்."

அந்தக் குப்பு மாமாதான் ஜீப்போடு காவலூரில் எங்களுக்காகக் காத்திருந்தார். அந்தப் பக்கத்து மலை ஊர்களுக்கெல்லாம் அவருடைய ஜீப்தான் பஸ், லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம். அப்பாவும் அம்மாவும் பின்னால் ஏறிக்கொள்ள, மாப்பிள்ளை மரியாதையில் என்னை முன்னால் உட்கார வைத்தார்.

"மாப்ள வண்டி ஓட்டுவீங்களா?"

"லாரியே ஓட்டுவேங்க."

மாமாவின் முகம் மலர்ந்தது. "அப்படியா! எந்த ரூட்டு?"

"கேம்லங்க."

"அது எங்க கீது?"

கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்று இருப்பதையும், அதில் மலைப்பாதை, மழை, பாரம் எல்லாம் வருவதையும், அதற்கு நான் விமர்சனம் எழுதியிருப்பதையும் விளக்கினேன். மாமா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"வண்டி கவுந்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

"மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சுக்கலாங்க."

"நல்ல ரூட்டுதான்" என்றார்.

இத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் விமர்சகன் வாய் சும்மா இருக்குமா? ஒரு கொண்டை ஊசி வளைவில், "இங்க இன்னும் கொஞ்சம் முன்னாடியே கியரை எறக்கியிருக்கலாம்" என்றேன். அம்மா பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினார். மாமா கியர் கம்பியைத் தேவைக்கு அதிகமான பலத்தோடு இழுத்தார். அதற்கடுத்த வளைவில் தலையை வெளியே நீட்டி, ஜீப்பின் பக்கவாட்டில் காலையில் சாப்பிட்ட அத்தனை இட்லியையும் வாந்தி எடுத்தேன். "வளைவுகள் அசலைப் போலவே உள்ளன" என்று விமர்சனத்தில் எழுதியிருந்தேன். அசலில் குமட்டலும் உண்டு என்று எந்த கேமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

மாமா ஜீப்பை ஓரங்கட்டித் தண்ணீர் கொடுத்தார். மோந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்தார். நான் முகம் கழுவி முடித்ததும், "இன்னா மாப்ள, மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்.

வீட்டில் தடபுடலான வரவேற்பு. சாமைப் பாயசம் வந்தது. என் வயிறு இருந்த நிலையில் அதை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மேகலா வந்து வணக்கம் சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றாள். நேரிலும் அதே அடக்கிய சிரிப்பு. அவளுடைய அப்பா, போனில் வந்திருந்த என் ஜாதகத்தை ஒரு பிரிண்ட் எடுத்துச் சாமிப் படத்தின்முன் வைக்கலாம் என்றார்.

"பிரிண்டர் காலைலேர்ந்து ஓடலப்பா" என்றாள் மேகலா.

"மாப்ளயே வந்துருக்காரே, அப்பறம் இன்னா!"

என் வாழ்வில் கிடைத்த ஒரே பொன்னான வாய்ப்பு அது. வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கம்ப்யூட்டர்முன் அமர்ந்தேன். திரையில் ஏதோ எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. எரர் செய்தியைப் படித்துப் பார்ப்பது கற்றுக்குட்டிகள் வேலை என்பது அந்நாளில் என் கொள்கை. பக்கத்தில் ஜன்னல் திறந்திருந்தது. அதற்கு வெளியே குப்பு மாமா ஒரு பக்கெட் தண்ணீரோடு, ஜீப்பில் நான் செய்து வைத்திருந்ததைக் கழுவிக்கொண்டிருந்தார். அதை நான் கவனிக்கவில்லை. கூடத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினேன்.

"டிரைவர்லதான் கோளாறு."

"அப்படிங்களா?" என்றார் மேகலாவின் அப்பா.

"ரொம்பப் பழசு. இதை வெச்சிக்கிட்டு இனிமே ஓட்ட முடியாது. எத்தினி வருஷமா இதையே வெச்சிருக்கீங்க?"

"அது கீது ரொம்ப வருஷமா."

"அதான் பாத்தேன். மொதல்ல இதை வேரோட தூக்கிடணும். ஒரு துளி மிச்சம் வெச்சாலும் தொல்லை."

"தூக்கிட்டா வேலை எப்படிங்க நடக்கும்?"

"அட, வேற டிரைவர் போட்டுக்கலாங்க. நெட்ல ஓசியிலயே கெடைக்குது."

சொல்லிவிட்டு, ஒரு தட்டுத் தட்டிப் பிரிண்டரின் டிரைவரை அழித்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. மேகலாவின் அம்மா "தம்பி! டேய் தம்பி!" என்று வாசலுக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் என்னை வரவேற்ற சிரிப்பு இல்லை.

"என் தம்பிய யாரு இன்னா சொன்னது? 'ஓசியில கெடைக்கிற டிரைவரயே கூப்ட்டு இவங்கள எறக்கிவுடச் சொல்லு'ன்னுட்டுப் போறான்! அவன் வந்து ஒக்காராம இந்த வூட்ல தட்டு மாத்தற பேச்சே கெடையாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதறிப்போய், புதிய டிரைவரையாவது போட்டுக் காட்டி விளக்கிவிடலாம் என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். நெட் இல்லை. மலையில் காற்று பலமாக அடித்தால் நெட் போய்விடும் என்றாள் மேகலா, தன் அம்மாவைப் பார்த்து. ஆக, உள்ளே இருந்த டிரைவரும் போயாயிற்று, வெளியே இருந்த டிரைவரும் போயாயிற்று.

"எரர் பாக்கறவனாம் எரர்" என்று அம்மா என் காதருகே பல்லைக் கடித்தார். "நீயே ஒரு எரர்டா."

என் அப்பா எனக்கு வைத்த பாயசத்தையும் எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். கவலை வந்தால் அவர் சாப்பிடுவார். போட்டோவில் பார்த்த சிரிப்பு கை நழுவிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது மேகலா மறுபடியும் தன் அம்மாவிடம்தான் பேசினாள். ஆனால் குரல் என் பக்கம் வந்தது.

"மாமாவுக்குக் கோவம் வந்தா சிக்னல் வளைவுக்குத்தான் போவாரும்மா."

அந்த ஊரில் போன் பேச வேண்டுமென்றால் எல்லோரும் போய் நிற்கும் சாலை வளைவு அது. அங்கே மட்டும்தான் போனில் சிக்னல் கிடைக்கும். எனக்கு வேண்டிய இரண்டு டிரைவரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்றால் ஓடாமல் என்ன செய்வது? ஓடினேன்.

மாமா ஜீப்பின் முன்பக்கத்தில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் உங்கள சொல்லலைங்க."

"இந்த மலையில ஜீப்பு ஓட்றவன் நான் ஒருத்தன். வேற எந்த டிரைவர சொன்னீங்க?"

"கம்ப்யூட்டர்ல இருக்கற டிரைவரங்க."

"கம்ப்யூட்டர் எங்க போவுது, அதுக்கு டிரைவர் வெக்க?"

நியாயமான கேள்வி. பல வருடம் எரர் வைத்தியம் பார்த்த எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி. போனில் அந்தப் பிரிண்டருக்கான டிரைவரைத் தேடி எடுத்து நீட்டினேன். மாமா சட்டைப் பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்துப் பக்கத்தில் வைத்து, போனில் இருந்த Driver-ஐயும் லைசென்ஸில் இருந்த Driving-ஐயும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டார்.

"கடைசியிலதான் கொஞ்சம் மாறுது" என்றார். குரல் சற்று இறங்கியிருந்தது. "சரி, இது இன்னா வேலை செய்யும்?"

"கம்ப்யூட்டர் மொதலாளி மாதிரிங்க. பிரிண்டர் வண்டி. மொதலாளி சொல்றது வண்டிக்குப் புரியாது. நடுவுல டிரைவர் இருந்தாதான் வண்டி நகரும்."

"அப்போ மொதலாளி எம்மாம் பெரிய ஆளா இருந்தாலும், டிரைவர் இல்லன்னா?"

"ஒண்ணுமில்லிங்க."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன். டிரைவர் போனில் இறங்கி முடியும்வரை சொல்ல வைத்தார். பிறகு வீட்டுக்கு அழைத்துப்போய், கூடத்தின் நடுவே நிறுத்தி, என் அப்பா அம்மா, அவருடைய அக்கா, அக்கா வீட்டுக்காரர் எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்ல வைத்தார். மொதலாளி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் டிரைவர் இல்லையென்றால் ஒன்றுமில்லை. புளி வியாபாரியான மேகலாவின் அப்பா ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்.

புதிய டிரைவரை போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற ஒயரைச் செருக வேண்டும். மேசைக்கு அடியில் தலையை விட்டேன். இருட்டாக இருந்தது. டார்ச் பிடிக்க மேகலாவும் குனிந்தாள். வெளிச்சத்தில் பார்த்தால், கம்ப்யூட்டரின் முதுகில் இருக்க வேண்டிய பிரிண்டர் ஒயர் கழன்று தரையில் கிடந்தது. டிரைவராவது ஒன்றாவது! மேலேயிருந்து மாமாவின் குரல் உற்சாகமாக வந்தது.

"அந்தக் கீழ் ஓட்டையில சொருவுங்க மாப்ள! நல்லா சார்ஜ் ஏறும். உங்கள கூட்டினு வரக் கெளம்பறதுக்கு முன்னாடி, ஏதோ ஒரு ஒயரைப் புடுங்கிட்டு நான் அதுலதான் போனுக்கு சார்ஜ் போட்டேன்."

நானும் மேகலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். என் நாக்கு நுனியில் ஒரு விமர்சனம் துடித்தது. வாழ்நாளில் முதன்முறையாக அதை விழுங்கினேன். பிரிண்டர் ஒயரை எடுத்துச் சத்தமில்லாமல் அதன் இடத்தில் செருகினேன். அப்போது மேகலா என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தையைக் கிசுகிசுத்தாள்.

"நீங்க சொன்னது சரிதான். டிரைவர்லதான் கோளாறு."

சிரிப்பை அடக்கப் போய் என் தலை மேசையில் இடித்தது. அவள் அடக்கவே இல்லை. வெளியே வந்து புதிய டிரைவரைப் போட்டேன், பிரிண்டர் என் ஜாதகத்தைத் துப்பியது. "பாத்தீங்களா, டிரைவர் வந்ததும் ஓடுது!" என்று மாமா மார்தட்டினார். அன்றைக்கே தட்டு மாற்றினோம்.

வலைப்பூவில் அதன்பின் நான் எழுதிய வைத்தியக் குறிப்பு ஒன்றுதான். பிரிண்டர் ஓடவில்லையென்றால் முதலில் மேசைக்கு அடியில் பாருங்கள், கல்யாணம் ஆகாதவர்கள் கட்டாயம் பாருங்கள் என்று எழுதி மூடிவிட்டேன்.

மாமா என் வாக்கியத்தை விடவில்லை. பெயின்டரைப் பிடித்து ஜீப்பின் பின்னால் பெரிதாக எழுதி வைத்துவிட்டார்: "டிரைவர் இல்லன்னா மொதலாளியே இல்ல - இப்படிக்கு எங்க மாப்ள." மலையில் என்னைத் தெரியாதவர்கள்கூட, "ஜீப்ல எழுதியிருக்கற மாப்ள நீங்கதானா?" என்று விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும், குழம்பில் உப்புக் கூடினாலும், பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தாலும், டிரைவரில்தான் கோளாறு. மாமாவுக்கு மட்டும் விஷயம் இன்றுவரை தெரியாது.

மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதே ஜீப், அதே முன் சீட்டு. பின்னால் மேகலா. ஒவ்வொரு வளைவிலும் மாமா கியரை இழுத்துவிட்டு, "சரியா எறக்குனேனா மாப்ள?" என்று கேட்பார். பின்னாலிருந்து அந்த அடக்கிய சிரிப்பு கேட்கும். நான் வாயே திறப்பதில்லை. பெரியவர் மீது இருக்கும் மரியாதை ஒரு காரணம். திறந்தால் வெளியே வருவது பேச்சாக இருக்காது என்பது இன்னொரு காரணம்.